ஆடம்பர வாட்ச் முதலீடாகுமா? விலையில் பெரும்பங்கு செய்கூலிதான்

2025 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில், சுவிஸ் நிறுவனமான படேக் பிலிப்பின் 1518 என்ற கைக்கடிகாரம் 1 கோடியே 41 லட்சத்து 90 ஆயிரம் சுவிஸ் ஃபிராங்குக்கு விலைபோனது. டாலரில் சுமார் 1.76 கோடி. 1943-இல் செய்யப்பட்ட வாட்ச் அது. இந்த மாடலில் மொத்தமே 281 கடிகாரங்கள்தான் வந்தன. அவற்றில் ஸ்டீல் கூடு கொண்டவை என்று தெரியவந்திருப்பவை நான்கே நான்கு. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம், 'நல்ல வாட்ச் ஒன்றை வாங்கிப் போட்டால் தங்கத்தைவிட லாபம்' என்ற பேச்சும் கூடவே கிளம்பிவிடுகிறது.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதே வாட்ச் 2016 நவம்பரில் இதே நிறுவனத்தின் ஏலத்தில் 1.1 கோடி ஃபிராங்குக்கு விற்றிருந்தது. ஒன்பது ஆண்டில் 29 சதவீத ஏற்றம். கூட்டு வட்டியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 3 சதவீதம்கூட இல்லை. டாலரில் கணக்கிட்டால், இடையில் ஃபிராங்க் வலுத்ததால், ஆண்டுக்கு 5 சதவீதத்தை ஒட்டி வரும். அதே ஒன்பது ஆண்டில் தங்கம் டாலர் விலையில் மூன்று மடங்குக்கும் மேல் ஏறியது. உலகத்தில் நான்கு மட்டுமே உள்ள வாட்சின் நிலை இது. கடையில் ஆயிரக்கணக்கில் விற்கும் வாட்சின் நிலை என்ன என்பதைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம்.

முதலில் சில சொற்கள்

1. பட்டியல் விலை: நிறுவனம் நிர்ணயித்த விலை. ரோலெக்ஸ், படேக் பிலிப் போன்றவற்றை இந்த விலைக்கு வாங்க, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடைக்குத்தான் போக வேண்டும்.

2. சந்தை விலை: கடையைத் தாண்டி வெளியே வந்த வாட்ச் கைமாறும் விலை. இது பட்டியல் விலையைவிடக் கூடவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். முதலீட்டுப் பேச்சு முழுக்க இந்த இரண்டு விலைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பற்றியதுதான்.

3. கிரே மார்க்கெட்: அங்கீகாரம் இல்லாத விற்பனையாளர்களின் சந்தை. பொருள் அசலாகவே இருக்கும். சில சமயம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புது வாட்சாக இருக்கும். விலையைத் தேவைதான் முடிவுசெய்யும்.

4. ரெஃபரன்ஸ் எண்: ஒவ்வொரு மாடலுக்கும் உள்ள குறியீடு. 'ரோலெக்ஸ் விலை ஏறுகிறது' என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை. எந்த ரெஃபரன்ஸ், எந்த டயல், எந்த ஆண்டு என்பதுதான் கேள்வி.

5. பெட்டியும் பேப்பரும்: வாங்கும்போது கிடைத்த பெட்டி, உத்தரவாத அட்டை, ரசீது. நிலத்துக்குத் தாய்ப் பத்திரம் மாதிரி. இவை இல்லாவிட்டால் வாட்ச் அசலாகவே இருந்தாலும் விலை இறங்கும்.

எதற்காக இந்த விலை?

நகைக்கடைக்குப் போனவர்களுக்குச் செய்கூலி, சேதாரம் என்றால் விளக்க வேண்டியதில்லை. நகையை விற்கப் போகும்போது தங்கத்தின் எடைக்குத்தான் பணம் வரும், செய்கூலி திரும்பாது. ஸ்டீல் வாட்சில் உருக்கி எடுக்க எதுவும் இல்லை. கூடு ஸ்டீல், கண்ணாடி செயற்கை நீலக்கல், உள்ளே சில நூறு சின்ன உதிரிகள். மூலப்பொருள் என்று பார்த்தால் விலையில் சொற்பமே. மீதியெல்லாம் செய்கூலியும் பெயரும். அந்தச் செய்கூலியை நாளைக்கு இன்னொருவர் தருவாரா என்பதுதான் வாட்ச் முதலீட்டின் மொத்தப் பந்தயம்.

நேரம் காட்டும் வேலைக்கு இதில் விலையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் (பேட்டரியில் ஓடும் வகை) கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 4.5 லட்சம் யென், அந்தக் காலத்தில் ஒரு சின்ன காரின் விலை. மாதத்துக்கு 5 விநாடிதான் பிசகும். ஸ்பிரிங் விசையில் ஓடும் நல்ல சுவிஸ் இயந்திர வாட்சுக்குத் தரச் சான்று அளிக்கும் அமைப்பு இன்றும் ஒரு நாளைக்கே 4 விநாடி பின்தங்கவும் 6 விநாடி முந்தவும் அனுமதிக்கிறது. அடுத்து நடந்தது தெரிந்ததுதான். 1970-இல் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழில், எண்பதுகளின் நடுவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. இந்தியாவில் அதே கதை ஒசூரில் அரங்கேறியது. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், குவார்ட்ஸை நம்பி இறங்கி அரசு நிறுவனமான எச்எம்டியை ஓரங்கட்டியது.

இயந்திர வாட்ச் அன்றைக்கே செத்திருக்க வேண்டும். சாகாமல் நகையாக மறுபிறவி எடுத்தது. 1972-இல் ஓடெமார் பிகே நிறுவனம் ராயல் ஓக் என்ற ஸ்டீல் வாட்சை, பல தங்க வாட்சுகளைவிட அதிக விலைக்கு விற்பனைக்கு வைத்தது. வடிவமைத்தவர் ஜெரால்ட் ஜென்டா. நான்கு ஆண்டு கழித்து அவரே படேக் பிலிப்புக்கு நாட்டிலஸை வரைந்து கொடுத்தார். ஸ்டீலுக்குத் தங்கத்தைவிட அதிக விலை கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்பது நிரூபணமானது. இன்றைய சந்தை நிற்பது அந்த நம்பிக்கையின் மேல்தான்.

லாபம் வரிசையில் நின்றவருக்கு

எல்லா ஆடம்பர வாட்சும் விலை ஏறுகிறது என்பது தவறு. பெரும்பாலானவை கடை வாசலைத் தாண்டியதும் புது கார் மாதிரி விலை இறங்குகின்றன. ஒமேகா, டாக் ஹூயர், பிரைட்லிங் போன்ற பெயர் பெற்ற நிறுவனங்களின் வழக்கமான மாடல்களைப் பழைய வாட்ச் சந்தையில் பட்டியல் விலைக்குக் கீழேதான் வாங்க முடியும். வாட்சில் குறை என்று அர்த்தமில்லை. போய்க் கேட்டால் கடையிலேயே கிடைக்கிறது, அவ்வளவுதான். (பழையதாக வாங்குகிறவருக்கு இது நல்ல செய்தி. இறங்க வேண்டியதை முதல் ஆள் இறக்கிவைத்துவிட்டார்.)

பட்டியல் விலைக்கு மேலே விற்பவை ரோலெக்ஸின் சில ஸ்டீல் மாடல்கள், படேக் பிலிப், ஓடெமார் பிகே நிறுவனங்களின் சில மாடல்கள், அப்புறம் ஆண்டுக்குச் சில நூறு மட்டுமே செய்யும் ஒருசில தனிக் கலைஞர்களின் வாட்சுகள். இங்கே என்ன நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்:

1. நிறுவனம் பட்டியல் விலையை, சந்தை தரத் தயாராக இருக்கும் விலைக்குக் கீழே வேண்டுமென்றே வைக்கிறது.

2. அதனால் வரிசை உருவாகிறது. கடைக்காரர் யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்யும் இடத்துக்கு வருகிறார்.

3. பல கடைகளில் பழைய வாடிக்கையாளருக்கே முதலிடம். அதாவது, விலை இறங்கும் வாட்சுகளையும் நகைகளையும் அங்கே ஏற்கெனவே வாங்கியிருக்க வேண்டும்.

4. வாட்ச் கைக்கு வந்த நொடியிலேயே பட்டியல் விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளி வாங்கியவருடையது ஆகிறது. இருபது ஆண்டு காத்திருந்ததற்குக் கிடைத்த பலன் என்று இதைச் சொல்ல முடியாது. தியேட்டர் கவுண்டரில் முதல் காட்சி டிக்கெட் கிடைத்தவரின் அதிர்ஷ்டம்.

5. சந்தை விலை கொடுத்து வாங்குகிறவருக்கு அந்த இடைவெளி கிடையாது. அவர் அதை ஏற்கெனவே விற்றவரிடம் கொடுத்துவிட்டார்.

'என் நண்பர் ரோலெக்ஸ் வாங்கி இரட்டிப்பாக்கினார்' என்று யாராவது சொன்னால், எந்த விலைக்கு வாங்கினார், அதற்கு முன் அந்தக் கடையில் வேறென்ன வாங்கினார் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் கதை பாதி தெளிந்துவிடும்.

இன்னொன்று. தங்கத்தின் அருமை பூமியின் கையில் இருக்கிறது. வாட்சின் அருமை ஒரு நிர்வாகக் குழுவின் கையில். ரோலெக்ஸ் உற்பத்தி எண்ணிக்கையை வெளியிடுவதில்லை. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் என்பது சந்தை ஆய்வாளர்களின் மதிப்பீடு. பத்து லட்சம் பேர் வாங்கும் பொருளை அபூர்வம் என்பதே ஒரு வியாபாரச் சாமர்த்தியம். அந்த நிறுவனம் சுவிட்சர்லாந்தின் பியூலில் புதிய ஆலை கட்டிவருகிறது. 2029-இல் திறப்பதாகத் திட்டம். 2022 டிசம்பரில் தானே சான்று கொடுத்துப் பழைய ரோலெக்ஸ்களை விற்கும் திட்டத்தைத் தொடங்கியது; அடுத்த ஆண்டு புகேரர் என்ற பெரிய கடிகாரக் கடைச் சங்கிலியையே வாங்குவதாக அறிவித்தது. எத்தனை வாட்ச் வெளியே வரவேண்டும், பழையது எங்கே விற்க வேண்டும் என்ற இரண்டையும் ஒரே நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. இந்த ஆட்டத்தில் சின்ன முதலீட்டாளர் வெறும் பார்வையாளர்.

2020 முதல் 2022 வரை நடந்தது

'வாட்ச் என்பது முதலீடு' என்ற எண்ணம் பரவலானது இந்த இரண்டு ஆண்டில்தான். 2020 மார்ச்சில் கொரோனாவால் ரோலெக்ஸ் தன் சுவிஸ் ஆலைகளைக் கொஞ்சநாள் மூடியது. வரத்து குறைந்தது. வட்டி அடிமட்டத்தில் இருந்தது, பணக்கார நாடுகளில் மக்கள் வெளியே போகாமல் பணத்தைச் சேர்த்தார்கள், கிரிப்டோ ஏறிக்கொண்டே இருந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி வாட்சுக்கு வந்தது.

படேக் பிலிப் நாட்டிலஸ் 5711 ஸ்டீல் மாடலின் பட்டியல் விலை சுமார் 35,000 டாலர். 2021 தொடக்கத்தில் இதை நிறுத்துவதாகத் தகவல் வந்ததும் சந்தை விலை தலைதெறிக்க ஓடி, 2022 தொடக்கத்தில் 1.5 லட்சம் டாலரைத் தாண்டியது. டிஃபனி நகைக்கடைக்காக நீல டயலோடு 170 மட்டும் செய்த சிறப்புப் பதிப்பில் ஒன்று, 2021 டிசம்பர் ஏலத்தில் கிட்டத்தட்ட 65 லட்சம் டாலருக்குப் போனது. கடை விலை 52,635 டாலர்! ரோலெக்ஸ் டேடோனா ஸ்டீல் மாடல் பட்டியலில் 14,500 டாலர் அளவில் இருக்க, சந்தையில் 40,000-ஐத் தாண்டியது.

2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. கிரிப்டோ சரிந்தது. வாட்சும் கூடவே சரிந்தது. அடுத்த ஓர் ஆண்டுக்குள் 5711 ஒரு லட்சம் டாலரை ஒட்டியும், டேடோனா 30,000-ஐ ஒட்டியும் வந்து நின்றன. பட்டியல் விலையில் வாங்கியவர் அப்போதும் லாபத்தில்தான் இருந்தார். உச்சத்தில் வாங்கியவர் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் இழந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, வாட்ச் எதோடு சேர்ந்து விழுந்தது என்பது. பங்கும் கிரிப்டோவும் அடிவாங்கும்போது தாங்கிப் பிடிக்கும் என்றுதான் இதை விற்கிறார்கள். அடிவாங்கிய நேரத்தில் அதுவும் உடன்கட்டை ஏறியது. காரணம் எளிது: இதை வாங்குகிறவர்களின் மிச்சப் பணம் எங்கே விளைகிறதோ, வாட்சின் விலையும் அங்கேதான் விளைகிறது.

ஏலச் செய்தியை எப்படிப் படிப்பது

நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் 1.77 கோடி டாலருக்கு விற்றது. இன்று அவர் பெயராலேயே அறியப்படும் அந்த வகை டயல், கடையில் இருந்த காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. விற்காததால் குறைவாகச் செய்தார்கள். குறைவாகச் செய்ததால் இன்று அபூர்வம். அந்தக் காலத்தில் முதலீட்டு ஆலோசகர் ஒருவர் இருந்திருந்தால் இதை நிச்சயம் பரிந்துரைத்திருக்க மாட்டார். எது பின்னால் ஏறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. விலையில் எவ்வளவு வாட்சுக்கு, எவ்வளவு நியூமனுக்கு என்பது தனிக் கேள்வி.

2019-இல் படேக் பிலிப்பின் கிராண்ட்மாஸ்டர் சைம் 3.1 கோடி ஃபிராங்குக்குப் போனது. அது அறப்பணிக்கு நிதி திரட்டிய ஏலம். கொடுத்த பணத்தில் நன்கொடையும் அடக்கம். அதைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்வது திருமண மொய்யை வைத்து உறையின் விலையைச் சொல்வது மாதிரி.

ஏல நிறுவனத்தின் கட்டணத்தையும் பார்க்க வேண்டும். நியூயார்க் வங்கியாளர் ஹென்றி கிரேவ்ஸுக்காகப் படேக் பிலிப் செய்து 1933-இல் ஒப்படைத்த, 24 நுட்ப வசதிகள் கொண்ட பாக்கெட் கடிகாரம் ஒன்று உண்டு. சதபீஸ் ஏலத்தில் 1999-இல் 1.1 கோடி டாலருக்கும், 2014-இல் 2.32 கோடி ஃபிராங்குக்கும், அதாவது சுமார் 2.4 கோடி டாலருக்கும் விற்றது. 'இரட்டிப்பைத் தாண்டியது' என்பது தலைப்புச் செய்தி. ஆனால் 2014-இல் சுத்தியல் விழுந்த விலை 2.06 கோடி ஃபிராங்க்தான். மீதி ஏல நிறுவனத்துக்கு வாங்குபவர் கொடுத்த கட்டணம். விற்றவர் கைக்கு அதிகபட்சம் 2.1 கோடி டாலரை ஒட்டித்தான் வந்திருக்க முடியும். 1.1 கோடி 15 ஆண்டில் இப்படி ஆனால் ஆண்டுக்கு 4.5 சதவீதம். அதே 15 ஆண்டில் தங்கம் நான்கு மடங்கு.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அந்த 15 ஆண்டில் அமெரிக்கப் பங்குக் குறியீடு எஸ்&பி 500, இடையில் இரண்டு பெரிய வீழ்ச்சிகளால் 1,400-லிருந்து 2,000 வரைதான் போனது. டிவிடெண்ட் சேர்த்தால் கிட்டத்தட்ட வாட்சின் அளவு. 2011-இல் 1,900 டாலரைத் தொட்ட தங்கமும் 2015 இறுதியில் 1,050-க்கு வந்தது. தேதியை மாற்றினால் முடிவும் மாறும். ஆனாலும் ஒரு வேறுபாடு மாறாது: பங்கு டிவிடெண்ட் தரும், வீடு வாடகை தரும், தங்கத்தை அடகு வைத்து அரைமணி நேரத்தில் பணம் வாங்கலாம். வாட்ச் வைத்திருப்பவரிடம் செலவுதான் கேட்கும்.

கணக்கில் வராத செலவு

இயந்திர வாட்சைச் சில ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் விட வேண்டும். ரோலெக்ஸ் பத்தாண்டு வரை போகலாம் என்கிறது. சிக்கலான வாட்சுக்கு இந்தச் செலவே ஒரு நல்ல வாட்ச் விலைக்கு வந்துவிடும். அப்புறம் காப்பீடு, லாக்கர் வாடகை, விற்கும்போது வியாபாரியின் பங்கு.

இதில் புதிதாக வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் பாலிஷ். கீறல் போகட்டும் என்று மெருகேற்றினால் கூட்டின் விளிம்புகள் மழுங்கிவிடும். பழுப்பேறிய டயலைப் புதிதாக மாற்றினால் வாட்ச் பளிச்சென்று இருக்கும், விலை பாதியாகக்கூட இறங்கும். பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் கேட்பது அழகை அல்ல, தொடாத தன்மையை. மேலே வைரம் பதிக்கச் சொல்லித் தனிக் கடையில் கொடுத்து வாங்கினால், அந்த வைரத்துக்கும் காசு வராது, வாட்சின் மதிப்பும் போகும்.

அசலா என்ற கேள்வி வேறு. 2021 நவம்பரில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 2915-1 ஒன்று ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் ஃபிராங்குக்கு மேல் விற்றது. 1957-இல் அறிமுகமான மாடல். வாங்கியது ஒமேகாவேதான், தன் அருங்காட்சியகத்துக்காக. அது பல வாட்சுகளின் பாகங்களை ஒட்டுப்போட்டுச் செய்தது என்றும், தன் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கு இதில் பங்கு இருந்தது என்றும் அந்த நிறுவனமே 2023-இல் சொன்னது. செய்த நிறுவனமே ஏமாந்த இடத்தில், கைபேசியில் நான்கு படம் பார்த்து வாங்குகிறவரின் நிலையை நினைத்துப்பாருங்கள்.

இந்தியாவில் வாங்கினால்

இங்கே கணக்கு இன்னும் இறுக்கம். இறக்குமதி வாட்சுக்கு வழக்கமான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம். அதன் மேல் சமூக நலக் கூடுதல் வரி சேர்த்து 22. அதற்கும் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். 100 ரூபாய்க்குத் துறைமுகம் வரும் வாட்ச், கடைக்காரரின் லாபம் சேராமலே 144 ரூபாய் ஆகிறது. கூடுதலாக உள்ள 44 ரூபாய்க்கு உலகச் சந்தையில் எந்த மதிப்பும் இல்லை. 2025 ஏப்ரல் 22 முதல் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வாட்சுக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வாங்குபவரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்கிறார்கள். இதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் பெரிய சுமை இல்லை, ஆனால் வாங்கியது வருமான வரித் துறைக்குத் தெரிந்துவிடும்.

இதைவிட முக்கியமானது சுங்க வரி குறையப்போகிறது என்பது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளின் எஃப்டா அமைப்போடு இந்தியா 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி சுவிஸ் வாட்சுக்கான சுங்க வரி ஏழு ஆண்டில் படிப்படியாக இல்லாமல் போகும். மேலே சொன்ன கணக்கில் 144 என்பது அப்போது 118. நிறுவனங்கள் அந்தக் குறைப்பை முழுசாக வாடிக்கையாளருக்குத் தருமா என்பது அவர்கள் கையில். ஆனால் முதலீடு என்று நினைத்து இன்றைக்கு உள்ள வரியைக் கட்டி வாங்குகிறவர், அரசே தேதி குறித்துக் குறைக்கப்போகும் ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுக்கிறார். துபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்கி வருவதும் வழியல்ல. விமான நிலையத்தில் அறிவித்து வரி கட்டாத வாட்சைப் பின்னால் விற்கப்போனால் காட்டுவதற்கு ரசீது இருக்காது.

விற்ற லாபத்துக்கான வரியில் ஒரு வேடிக்கை உண்டு. பிரிட்டன் சட்டம் இயந்திர வாட்சை ஒரு இயந்திரமாக, தேய்ந்துபோகும் பொருளாகப் பார்க்கிறது; அதனால் பொதுவாக மூலதன ஆதாய வரி இல்லை. இந்தியாவில் சொந்த உபயோகப் பொருள்களுக்கு விலக்கு உண்டு, நகைக்கு இல்லை. கல் பதித்த வாட்ச் என்றால் சிக்கல். கட்டாமல் லாக்கரில் பூட்டிவைத்து, 'முதலீட்டுக்காக வாங்கினேன்' என்று சொல்லிக்கொண்டு, விற்கும்போது சொந்த உபயோகம் என்று வாதாடுவது கஷ்டம். ஆடிட்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

குறைந்த பணத்தில் இந்த ஆட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு நம் ஊரிலேயே பாடம் உண்டு. ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்எம்டியின் வாட்ச் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இனி வராது என்று தெரிந்ததும் ஜனதா, பைலட் மாடல்களுக்குத் திடீர்க் கிராக்கி. அப்பா, தாத்தா கட்டிய வாட்சைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள். கிராக்கி வந்த கொஞ்ச நாளில் சரக்கும் வந்தது: உள்ளே பழைய எச்எம்டி இயந்திரம், மேலே புதிதாக வண்ணம் அடித்த டயல். மஞ்சள், ஆரஞ்சு என்று பளிச்சிடும் நிறங்களில், மேலே தேவநாகரியில் 'ஜனதா' என்ற எழுத்து கொஞ்சம் கோணலாக.